சுனாமிச் செய்திகள் இணையத்தில் அழியாமல் இருக்கின்றனவா?

“இணையத்தில் ஒருமுறை வந்த செய்தி என்றும் அழியாது, சுனாமிக் காலத்துப் பத்திரிகைகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம்” என்று பாம்பன், தங்கச்சிமடம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் பரவுகிறது. இது தவறு.

2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டுகளில் திறக்க முடியாதவையாகிவிட்டன என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. நிறுவனம் மூடப்படுவதாலும், தளத்தைப் புதுப்பிக்கும்போது முகவரிகள் மாறுவதாலும் செய்திகள் மறைகின்றன. இணையத்தில் அசைபடங்களை இயக்கிவந்த ஃபிளாஷ் மென்பொருள் 2020 முடிவில் கைவிடப்பட்டதால், 2001 செப்டம்பர் 11 தாக்குதலை விளக்கிய அசையும் வரைபடங்கள் பல இயங்காமல் போயின.

1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகம், பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கும் தன் வேபேக் மெஷினில் ஏராளமான பக்கங்களைக் காத்து வருவது உண்மைதான், அந்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்; ஆனால் அது எல்லாவற்றையும் பிடித்து வைப்பதில்லை, காணொளிகள் பலவும் சந்தாப் பக்கங்களும் விடுபடுகின்றன, உரிமையாளர் கேட்டால் நீக்கப்படுவதும் உண்டு. முக்கியமான செய்தியின் முகவரியை அங்கே இட்டு நாமே சேமிக்கலாம்.

பாம்பனில் ஒரு வீட்டுத் தகரப்பெட்டியில், 2004 டிசம்பர் 27-ஆம் தேதி நாளிதழைப் பார்த்தேன். உப்புக்காற்றில் ஓரம் பழுத்து, மடிப்பு கிழிந்திருந்தாலும், தேதியும் தலைப்பும் தெளிவாக இருந்தன. அதைத் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்.