டம்ப் கோப்பு உருவானால் மட்டும் போதாது

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் மாற்றம் வரும்போதெல்லாம் கிராஷ் டம்ப் (கெர்னல் விழும்போது நினைவகத்தைக் கோப்பாகச் சேமிப்பது) சோதனையையும் ஓட்ட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். முழுதாக ஏற்கிறேன். ஆனால் விஎம்கோர் என்ற அந்த டம்ப் கோப்பு உருவாகிவிட்டதா என்று பார்ப்பதோடு அவர் நிறுத்திக்கொண்டது குறையாகவே படுகிறது. கோப்பு இருக்கும், ஆனால் டம்பை ஆராயும் 'கிராஷ்' கருவியில் திறந்தால் பேக்ட்ரேஸ் (விழும்வரை எந்தெந்தச் செயற்கூறுகள் அழைக்கப்பட்டன என்ற வரிசை) வராது. கெர்னலின் உள்கட்டமைப்பு மாறி, அதற்கேற்ப அந்தக் கருவியையோ டம்பைச் சுருக்கிச் சேமிக்கும் மேக்டம்ப்ஃபைலையோ புதுப்பிக்காமல் விட்டால் இப்படி ஆகும். டம்பைத் திறந்து, டாஸ்க் பட்டியலும் பேனிக் ஆன, அதாவது கெர்னல் விழுந்த, இடமும் சரியாக வருகின்றனவா என்பதையும் தானியங்கிச் சோதனையே பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ வழியாக 'சி' அனுப்பி கெர்னலை விழவைப்பது மிகச் சாதுவான முறை. நிஜத்தில் இன்டரப்ட் (வன்பொருளின் குறுக்கீடு) நடுவில் விழும், ஸ்டாக் நிரம்பி விழும், ஒரு சிபியு பூட்டைப் பிடித்தபடியே உறைந்தும் போகும். லினக்ஸில் இப்படி விதவிதமாக விழவைத்துச் சோதிக்கவென்றே எல்கேடிடிஎம் மாட்யூல் இருக்கிறது, தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

2005-இல் 2.6.13 பதிப்புடன் வந்த, டம்ப் எடுக்கும் வசதியான கேடம்ப்பில், முதல் கெர்னல் விழுந்ததும் டம்ப் எடுக்க வரும் இரண்டாவது கெர்னல் முன்கூட்டியே ஒதுக்கிய சிறு நினைவகத்துக்குள்தான் எழுந்தாக வேண்டும். டிரைவர்கள் பெருகப் பெருக அந்த இடம் போதாமல் போகும். உண்மையில் விழும் நாள்வரை யாருக்கும் தெரியாது. அதனால் விர்ச்சுவல் மெஷினில் மட்டுமல்லாமல் நிஜ வன்பொருளிலும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் சோதியுங்கள்.