ஆக்ரா கோட்டையில் இருப்பது சோமநாதர் கோயில் கதவு அல்ல

“கஜினி முகமது கொள்ளையடித்த சோமநாதர் கோயிலின் சந்தனக் கதவுகளை ஆங்கிலேயர்கள் மீட்டு வந்தார்கள், ஆக்ரா கோட்டையில் இன்றும் பார்க்கலாம்” என்று ஒரு செய்தி படத்தோடு சுற்றுகிறது.

கதவு ஆக்ராவில் இருப்பது உண்மை. 1842-ல் நாட் (Nott) என்ற ஆங்கிலேய ஜெனரலின் படை, ஆப்கானிஸ்தானின் கஜினி நகரில் முகமதின் கல்லறையிலிருந்து அதைப் பெயர்த்துக் கொண்டுவந்ததும் உண்மை. ஆனால் அது சந்தன மரமே இல்லை, தேவதாரு. மேலே இருப்பது அரபு எழுத்து. வேலைப்பாட்டில், சோமநாதர் கோயில் இருக்கும் குஜராத்தின் பாணிச் சாயல்கூடக் கிடையாது. கஜினியிலேயே செய்த கதவு என்பதுதான் ஆராய்ந்தவர்களின் முடிவு.

அப்புறம் இந்தக் கதை எப்படிப் பிறந்தது? அதே ஆப்கான் போரில், 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலேயப் படை கிட்டத்தட்ட முழுதாக அழிந்துபோயிருந்தது. அந்த மானக்கேட்டை மறைக்க கவர்னர் ஜெனரல் எல்லன்பரோவுக்கு ஒரு வெற்றிச் சின்னம் தேவைப்பட்டது. எண்ணூறு ஆண்டு அவமானத்துக்குப் பழிதீர்த்துவிட்டதாக இந்திய மன்னர்களுக்கு அறிக்கையே விட்டார். நம் பெயரில் அவர் வாங்கிய பழி! 1843-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் மெக்காலே இதைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

ஊர்வலமாகக் கிளம்பிய கதவு ஆக்ராவைத் தாண்டவே இல்லை. சோமநாதர் கோயிலில் 1951-ல் மறுபிரதிஷ்டை நடந்தபோதும், அதை அங்கே கொண்டுபோய் மாட்டவில்லை.