கவசத்துக்கு மூத்தது வெடிமருந்து

'முழு உலோகக் கவசம் அணிந்த வீரர்கள் வாழும் கற்பனை உலகில் துப்பாக்கி வைப்பது வரலாற்றுப் பிழை. வெடிமருந்து வந்தவுடன் கவசம் ஒழிந்துவிட்டது' என்று, கற்பனை உலகில் பாத்திரமேற்று ஆடும் நம் ஆட்டத்தை நடத்தும் அண்ணன் எழுதியிருக்கிறார். இது தவறு. பெங்களூர் அல்சூரில் நம்முடன் புதிதாக ஆட வருபவர்கள் இதை நம்பித் தங்கள் உலகை அமைத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

வரிசையே தலைகீழ். அம்பை எய்யும் பீரங்கியின் படம் 1326-ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சுவடி ஒன்றிலேயே இருக்கிறது. தலை முதல் கால் வரை மூடும் தகட்டுக் கவசம் முழு வடிவம் பெற்றது 1400-ஐ ஒட்டித்தான். அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இரண்டும் ஒரே களத்தில் நின்றன. கவசக் கொல்லர்கள் மார்புத் தகட்டைத் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்து, குண்டு பட்ட பள்ளத்தைத் தரத்தின் சான்றாக அப்படியே விட்டு விற்றதும் உண்டு. குண்டைத் தாங்கத் தகடு தடித்தது, எடை கூடியது. கை கால் கவசங்கள் மெல்ல மெல்லக் கழன்றன. அண்ணா, ஆட்டத்தில் நீங்கள் தாராளமாக அனுமதிக்கும் ரேப்பியர் என்ற மெல்லிய நீண்ட வாளோ 16-ஆம் நூற்றாண்டுக்குரியது, துப்பாக்கியைவிட இளையது!

ஐரோப்பாவை விடுங்கள். நம் பெங்களூர்க் கோட்டையை 1791-இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் முற்றுகையிட்ட காலத்தில், மைசூர்ப் படையில் வாளேந்திய குதிரைவீரர்களும் இரும்புக் குழல் ராக்கெட்டுகளும் சேர்ந்தே இருந்தன. கோட்டையின் மிச்சம் கே.ஆர். மார்க்கெட் அருகிலேயே நிற்கிறது.

துப்பாக்கி வேண்டாம் என்பது உங்கள் ரசனை என்றால் எனக்கு மறுப்பே இல்லை. ஆட்டத்தை நடத்துபவரின் உரிமை அது. அதற்கு வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.