பிள்ளைகள் போட்ட வழி

அரையாண்டு விடுமுறை வந்தால் காரைக்குடிப் பக்கம் ஒரு காட்சியை வருஷாவருஷம் பார்க்கிறேன். சென்னையிலிருந்து ஊருக்கு வந்த குடும்பம், வாடகைக்கு ஒரு கார், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி, அப்புறம் ஒரு பெரிய வீடு, மத்தியானம் ஒரு மெஸ். பின் சீட்டில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் காதில் ஹெட்போனோடு தூங்குவார்கள். சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலுமே ஆசை இல்லை என்று சொல்வார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, எதைச் சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் நாமே தீர்மானித்துவிட்டு அவர்களைச் சாமான் மாதிரி ஏற்றிக்கொண்டு போனால், சாமான் மாதிரிதான் வருவார்கள்.

போன டிசம்பரில் நான் வழியை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். மகளுக்குப் பதினாறு, மகனுக்குப் பதினான்கு, அண்ணன் மகனுக்குப் பதினேழு. மூன்று நாள். பெட்ரோலும் அறை வாடகையும் என் பொறுப்பு, மற்ற செலவுக்கு ஒரு கவரில் ஆறாயிரம் ரூபாய் போட்டு மகள் கையில் கொடுத்தேன். இருட்டிய பிறகு கார் ஓடாது, ஒவ்வொரு நாளும் நம்மில் யாருமே இதுவரை செய்யாத ஒன்று இருக்க வேண்டும், கூட வரும் அப்பத்தா, அதாவது என் அம்மா, கேட்கும் ஓர் இடத்தைத் தட்டக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான்.

முதல் வேலையாகப் பெரிய வீடுகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆயிரம் ஜன்னல் வீட்டைக் காட்டாமல் செட்டிநாட்டைக் காட்டுவதா என்று. ஆனால் வீட்டுத் தரையில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பட்டறையில் ஒரு மணி நேரம் நின்றோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதற்குள் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்துகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, காயவைத்து, கண்ணாடியை எடுத்தால் அந்தப் பளபளப்பு. பாலிஷ் கிடையாது, சூளை கிடையாது. அண்ணன் மகன் கேட்டுவிட்டு ஒரு கல்லுக்குத் தானே சாயம் ஊற்றிப் பார்த்தான், சிவப்பு பச்சைக்குள் வழிந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க அதே பேச்சு.

அங்கிருந்து திருமயம். 1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதிலில் நாலுதான் இப்போது மிச்சம். மேலே பீரங்கி மேடையில் காற்று ஆளைத் தள்ளும். மத்தியானத்துக்கு மேல் சித்தன்னவாசல். ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், ஏழடிப்பட்டம் குகைக்கும் ஏறுங்கள். பாறையின் செங்குத்தான பக்கத்தில் வெட்டிய படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். உள்ளே சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள், தமிழ் பிராமி எழுத்தோடு. ஏறும்போது உயரத்துக்குப் பயப்படுகிற என் மகனின் கை நடுங்கியது. அக்கா முன்னால் நின்று, "அந்தக் கல்லைப் பிடி, கீழே பாக்காத" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னாள். வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற அதே இரண்டு பேர்.

இரண்டாம் நாள் கெட்டுப்போனது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். இரவு ராமேஸ்வரம், விடிகாலை தனுஷ்கோடியில் சூரிய உதயம். இதுதான் திட்டம். ஆனால் கிளம்பவே பதினொன்று ஆகிவிட்டது. தொண்டிக் கடற்கரையில் கரையேறிய வலைகளைப் பார்த்துக்கொண்டு, மீன் பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டு, நேரத்தை விட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது, இப்படியே போனால் படகு கிடைக்காது என்று. வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது எவ்வளவு கஷ்டம் என்று அப்பா அம்மாவாக இருப்பவர்களுக்குத் தெரியும். காரங்காடு போய்ச் சேரும்போது மணி ஐந்து, படகெல்லாம் கட்டியாகிவிட்டது. இருட்டினால் கார் ஓடாது என்பதால் ராமேஸ்வரமும் போச்சு. ராமநாதபுரத்தில் தங்கினோம். முன்பணம் கட்டியிருந்த ராமேஸ்வரம் அறைக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம், அதை அவர்கள் கவரிலிருந்தே எடுக்க வேண்டும் என்று மகளே சொல்லிவிட்டாள்.

நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மூன்று பேரும் கட்டிலில் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, சூரிய உதயத்தை விட்டுவிடலாம், பத்தரைக்குத் தனுஷ்கோடியை விட்டுக் கிளம்பினால் ஒரு மணிக்குப் படகு, நடுவில் அப்பத்தாவுக்கு தேவிபட்டினம் என்று கணக்குப் போட்டார்கள். காலையில் அலாரம் வைத்து எங்களை எழுப்பியதும் அவர்கள்தான்.

சரி, தனுஷ்கோடி. பாம்பனில் 1914-ஆம் வருஷத்துப் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம் தெரியும். அதைத் தாண்டி அரிச்சல்முனை போகும் சாலையில் இரண்டு பக்கமும் கடல். அமைதியாக இருப்பதைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அந்த ஊரில் சொல்வார்கள். முனையில் யாரையும் கடலில் இறங்கவிடாதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும்.

இடிந்த தேவாலயத்தின் நிழலில் அம்மாவை உட்காரவைத்தோம். எண்பதை நெருங்குகிறவர். அவருடைய அப்பா கொழும்புக்குக் கொண்டு விற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர். ரயிலில் இதே தனுஷ்கோடி வந்து, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. அப்படித்தான் அந்தக் காலத்தில் போய்வந்தார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும் போய், வந்துகொண்டிருந்த ரயிலும் ஆட்களோடு போனது. "சேதி தெரியாம எங்காத்தா ரெண்டு நாளு சோறே திங்கல" என்று அம்மா சொன்னார். அம்மாவின் அப்பா அப்போது கொழும்பில்தான் இருந்திருக்கிறார், பிழைத்தார். நாற்பத்தெட்டு வயதில் இந்தக் கதையை நானே முதல் தடவையாகக் கேட்கிறேன். அங்கே போனில் சிக்னல் இல்லை. மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து அப்பத்தாவைக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றிவிட்டு, ஒன்றேகாலுக்குப் படகில் ஏறிவிட்டோம்.

இன்னொன்று, இதைக் கோபத்தோடேயே சொல்கிறேன். சாகசம் என்று பதினாறு வயதுப் பையன் கையில் கார் சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். ஊர் ரோடுதானே, காலியாகத்தானே கிடக்கிறது என்பார்கள். அந்தக் காலி ரோட்டில் மாடு வரும், நெல் காயும், லைட் இல்லாத டிராக்டர் நிற்கும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. என் அண்ணன் மகனும் கேட்டான். பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்த மறுநாள் நானே பக்கத்தில் உட்காருகிறேன் என்றேன். அதுவரை முன் சீட்டும் வரைபடமும் அவனுக்கு.

சித்திரை, வைகாசியில் இந்த வழியில் போகாதீர்கள், திருமயம் பாறையில் கால் வைக்க முடியாது. மார்கழி, தை நல்ல காலம், கண்மாயெல்லாம் தண்ணீர் கிடக்கும். கட்டுச்சாதமும் தேன்குழலும் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

கவரில் கடைசியில் நானூற்றுப் பத்து ரூபாய் மிஞ்சியது. மகள் அதைத் திருப்பித் தரவில்லை. கவரின் மேல் கோடியக்கரை என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறாள். மே மாதமே போகலாம் என்று முதலில் போட்டிருந்தார்கள். பறவைகள் வருவது குளிர்காலத்தில்தான் என்று மகன் எங்கேயோ படித்துவிட்டு, மே-யை அடித்து ஜனவரி என்று மாற்றியிருக்கிறான்.