எது நல்ல குறள்? பட்டியல் கொடுங்க சார்

என் அண்ணன் மகள் பள்ளிக் கரும்பலகையில் எழுதிய குறளை அழிக்க வைத்தார்களே, அந்த விவகாரம்தான். மூன்று நாளாக எதுவும் எழுதாமல் இருந்தேன். ஆனால் என் முந்தைய பதிவுக்குக் கீழே ஒருவர் "குறளை ஏன் அரசியலாக்குகிறீர்கள்" என்று கேட்டாரே, அதற்கு மேல் முடியவில்லை.

ஐயா, 133 அதிகாரத்தில் 70 பொருட்பால். அரசன், அமைச்சன், தூது, ஒற்று, வரி, கொடுங்கோல் என்று அதில் பெரும்பகுதி அரசியல்தான். நான் புதிதாக என்னத்தை ஆக்குவது?

என் அண்ணன் மகள் எழுதியது 448ஆம் குறள். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்.' தவறைக் கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாதவன், கெடுப்பதற்கு ஒருவரும் இல்லாவிட்டாலும் தானாகவே கெட்டுப்போவான். அவ்வளவுதான். அன்றைக்கு விருந்தினர் வருகிறார் என்பதற்காக அதை அழித்துவிட்டு, "நல்ல குறளா எழுதும்மா" என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத வைத்தது என்ன தெரியுமா? 'நன்றி மறப்பது நன்றன்று.' வந்தவர் நன்கொடையாளர். பொருத்தம்தான், குறை சொல்ல முடியாது!

1330இல் எவை நல்ல குறள், எவை ஆகாத குறள் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகளுக்கும் வசதியாக இருக்கும்.

நமக்கு வள்ளுவர் சிலையாக நிற்க வேண்டும். டவுன் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே எழுத்தாக இருக்க வேண்டும். அவர் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. 'கற்க கசடற' எல்லோருக்கும் மனப்பாடம். 'நிற்க அதற்குத் தக' வரும்போது மட்டும் மணி அடித்துவிடுகிறது.

"ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தேவையா" என்கிறார்கள். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் குழித்தறி, குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறி. எனக்குப் பதினோரு வயது. பட்டுச்சேலைக் கரையில் ஒரு பூ தவறியிருந்தது என் கண்ணில் பட்டது. சொன்னேன். "போடா, வேலையைப் பாரு" என்று தறி நாடாவை, ஊடை நூல் ஓட்டும் கட்டையை, ஓங்கினார். சாப்பிடவும் கூப்பிடவில்லை. ராத்திரி தூக்கத்தில் தறிச் சத்தம் வராதது வினோதமாக இருந்து எழுந்து பார்த்தேன். குண்டு பல்பு வெளிச்சத்தில், குழிக்குள் கால் தொங்க உட்கார்ந்து, ஒரு சாண் நெய்ததையும் ஊடை ஊடையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது சரி என்று சாகும்வரை சொன்னதில்லை. ஆனால் பிரித்தார். 'செவிகைப்பச் சொற்பொறுக்கும்', காது கசந்தாலும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் என்று வள்ளுவர் சொல்லும் பண்பு அதுதானே? அவர் பள்ளிக்கூடம் போனது மூன்றாவது வரைக்கும்தான்.

அப்புறம், "பள்ளிக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?" வேண்டும். அது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அனுமதி வாங்காமல் எழுதினாள் என்றால் கண்டிக்கலாம். ஆனால் தினமும் ஒரு குறள் எழுதும் பொறுப்பைக் கொடுத்ததே அவர்கள்தான்! எழுதுவதற்குச் சுதந்திரம் உண்டாம், எதை எழுதுவது என்பதற்குத்தான் கிடையாதாம்.

"இதற்கெல்லாம் ஒரு பதிவா" என்ற இன்னொருவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அவர் தன் நாய்க்குட்டிக்குப் பதினேழு பதிவு போட்டிருக்கிறார்.

1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார் இந்த ஊர்க்காரர். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாடு நடந்தது இந்த ஊரில். எதிரும் புதிருமாக எத்தனை பேர் மேடை போட்டுப் பேசிய ஊர் இது. அங்கே ஒரு சாக்பீஸ் வரிக்குப் பயம்.

உண்மையில் எனக்கு வலித்தது பள்ளிக்கூடம் அல்ல. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒருத்தர்கூட அவள் பக்கம் பேசவில்லை. தினமும் காலையில் குறள் படம் அனுப்பும் பெரியப்பா உட்பட. "பொம்பளப் பிள்ளை, அடக்கமா இருக்கட்டும்" என்று ஒரு குரல் பதிவு. நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவளைத் தட்டுவடை செட் சாப்பிடக் கூட்டிப்போனேன். பீட்ரூட் துருவலை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "சித்தப்பா, அந்த நன்றிக் குறள்ல ரெண்டாவது பாதியையும் எழுதினேன், யாரும் படிக்கலை" என்றாள். 'நன்றல்லது அன்றே மறப்பது நன்று.' தீமையை அன்றைக்கே மறந்துவிட வேண்டுமாம். என்னால் இப்போதைக்கு ஆகாது, வள்ளுவர் மன்னிக்க வேண்டும்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அண்ணி போக வேண்டாம் என்கிறார். நான் போகிறேன்.