மிரட்டிக் கட்டின தாலி எப்படிக் காதலாகும்?

ஏற்காடு என்றாலே நம் காதல் நாவல்களில் ஒரு காப்பி எஸ்டேட் முதலாளி வந்துவிடுகிறான். பழிவாங்கச் சேலத்துப் பெண்ணைக் கடத்தி, மிரட்டித் தாலி கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே பங்களாவில் அடைத்து வைக்கிறான். காப்பிப் பழம் பறிக்கும் பெண்கள் ஒரு வரியில்கூட வருவதில்லை. இதைக் காதல் என்று விற்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்தினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 87ஆம் பிரிவில் பத்தாண்டு வரை சிறை. அந்தக் கல்யாணத்தை ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இருக்கிறது. மிரட்டல் நீங்கிய ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். வேலைக்குப் போகிற நாயகிக்கு இதைச் சொல்ல ஒரு தோழிகூட இல்லையா?

தொடராக எழுதும்போது ஒவ்வொரு அத்தியாயமும் மோதலில் முடிய வேண்டியிருக்கிறது. அதனால் சந்தேகம், வசவு, அறை என்று கொடுமை ஏறிக்கொண்டே போகிறது. முப்பது அத்தியாயம் வதைத்தவன் கடைசி இரண்டில், அம்மா விட்டுப்போன ஃபிளாஷ்பேக்கைச் சொல்லி அழுகிறான். அவளும் உடனே மன்னித்துவிடுகிறாள். காரணம் சொல்வது வேறு, மன்னிப்புக் கேட்பது வேறு. திருந்துவதைக் கதையின் பாதியிலேயே தொடங்குங்கள். அவள் தாய்வீட்டுக்குப் போகட்டும், சம்பாதிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லட்டும். அவன் பின்தொடராமல் இருந்து காட்டட்டும்.

நாயகன் முரடனாக, பொய்யனாக, யாருக்கும் பிடிக்காதவனாகவே இருக்கலாம். அவன் அறைந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.