லேப்டாப்புக்கு வயசாயிடுச்சாம்

“லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க.”

சர்வீஸ் கடையில் என் மாமனாரிடம் சொன்ன இந்த வரிதான் என்னை எழுத வைத்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும், மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம்.

2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. பேட்டரி போய் மூன்று வருஷமாகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணையும். பென்ஷன் காகிதம், வருமான வரி, பேரப்பிள்ளைகள் போட்டோ. மாமாவுக்கு அதில் வேறு வேலை இல்லை, இவற்றுக்கு அது தாராளம். அப்டேட் மட்டும்தான் ஏறவில்லை. ராத்திரி முழுக்க ஓடும், ரீஸ்டார்ட் ஆகும், பாதியில் நிற்கும், பிறகு செய்ததையெல்லாம் கலைத்துக்கொண்டு பழையபடி வந்து உட்காரும். மறுநாள் முதலிலிருந்து.

போன மாதம் ஊருக்குப் போனபோது திறந்து பார்த்தேன். 1909 பதிப்பில் நிற்கிறது. 2019 நவம்பரில் வந்த சரக்கு! “ஏன் மாமா இத்தனை வருஷமா அப்டேட்டே ஆகல?” என்றால், “கடைத் தம்பிதான் மாப்ள ஆஃப் பண்ணிக் கொடுத்தாரு. அப்டேட் பண்ணா ஸ்லோ ஆயிடுமாமே” என்கிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிகிறது என்று செய்தியில் பார்த்துப் பயந்து, அவரே மறுபடி ஆன் செய்திருக்கிறார்.

இந்த ஆஃப் பண்ணிக் கொடுக்கும் சேவையைப் பற்றி எனக்குக் கடும் கோபம் உண்டு. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகத்தை ஆட்டியதே, அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. பெரும்பாலும் அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அதே சமயம், அப்டேட்டைக் கண்டு பயப்படுகிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். 2018 அக்டோபர் அப்டேட் சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டு, வெளியிட்ட சில நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. சூடு கண்ட பூனைகள் இருக்கத்தான் செய்யும்.

சரி, மாமாவின் லேப்டாப்புக்கு வருகிறேன். நம்மூர்க் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு, ஹார்டு டிஸ்க்கை சி, டி, இ என்று கூறு போட்டுக் கொடுப்பார்கள். இதில் சி-க்குக் கிடைத்தது 100 ஜிபி. டி-யும் இ-யும் கிட்டத்தட்டக் காலி. சி-யில் மிச்சம் 4 ஜிபி. என்னதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினால், டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர், 38 ஜிபி. திறந்தால் மாலையும் கழுத்துமாக நான்! எங்கள் கல்யாண வீடியோ. டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி-யில்தான் போய் உட்காருகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

1909-இலிருந்து விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2-க்குத் தாவுவது மாதாமாதம் வரும் சின்ன அப்டேட் மாதிரி இல்லை. புது சிஸ்டம் முழுதாக இறங்கி, பிரிந்து, பழையது ஒரு ஓரமாகப் பத்திரமாக ஒதுக்கப்படும். பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் திரும்பிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. ஆக, இரண்டு குடித்தனமும் ஒரே வீட்டில் கொஞ்ச நாள் இருந்தாக வேண்டும். குறைந்தது 20 ஜிபியாவது காலி வேண்டும், 4 ஜிபியில் எங்கே போக? அது திரும்பித் திரும்பிப் பழைய நிலைக்கு வந்தது மூப்பால் இல்லை. இடம் போதாமல் நடுவழியில் செத்துப்போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

வீடியோவை டி-க்கு மாற்றினேன். பிரிண்டர், டாங்கிள், பென் டிரைவ் எல்லாவற்றையும் பிடுங்கினேன். பேட்டரி இல்லையே, கரண்ட் போனால் கதை முடிந்ததே என்று இன்வெர்ட்டர் லைன் இருக்கிற ப்ளக்காகத் தேடி, பூஜையறை வாசலில் ஸ்டூல் போட்டு வைத்தேன். மாமாவிடம் ஒரே ஒரு கண்டிஷன்: எத்தனை சதவீதத்தில் நின்றாலும் பவர் பட்டனைத் தொடக்கூடாது. பழைய ஹார்டு டிஸ்க் ஒரு மணி நேரம்கூட அதே எண்ணில் நிற்கும். டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலை நாலரைக்கு முடிந்தது.

இதில் என் வாதம் ஒன்றுதான். பழைய லேப்டாப்பில் அப்டேட் தோற்றால் வயதைக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனம் கடைக்காரரோடு நிற்பதும் இல்லை. 2024 ஜனவரி 9-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு கேபி5034441 என்று ஒரு அப்டேட் வந்தது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் பாதுகாப்பில் இருந்த ஓட்டையை அடைப்பதற்கு. அது ஏற, சிஸ்டம் கெட்டால் மீட்பதற்கென்று டிஸ்க்கில் ஒதுக்கிய, கண்ணில் படாத ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற கூறில் 250 எம்பி காலியாக இருக்க வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் அந்த பார்ட்டிஷனே சிறிசு. ஆனால் திரையில் “இடம் போதவில்லை” என்றா வந்தது? 0எக்ஸ்80070643 என்று வந்தது. பொதுவாக ‘இன்ஸ்டால் ஆகவில்லை’ என்பதற்கான எண். பிழை எண்ணைக் கையாளுவதிலேயே பிழை, அதனால் சரியான செய்திக்குப் பதில் இது வரலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதி ஒப்புக்கொண்டது. பரிகாரம் என்ன சொன்னார்கள் தெரியுமா? டிஸ்க்பார்ட் கட்டளைகளை அடித்து நீங்களே பார்ட்டிஷனைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று. பென்ஷன் காகிதம் பார்க்கிறவர் கறுப்புத் திரையில் பார்ட்டிஷனை அழித்து எழுத வேண்டுமாம். ஒரு எண் தப்பினால் பேரப்பிள்ளைகள் போட்டோ போச்சு.

விண்டோஸ் 11-க்கு மாமாவின் லேப்டாப் போகாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு, அதில் சேர 22ஹெச்2 பதிப்பு கட்டாயம். அதற்காகத்தான் இத்தனை பாடு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் வைக்கச் சம்மதித்ததால் காசு கேட்கவில்லை, சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் ஏற்றலாம் என்று மெல்லப் பேச்செடுத்தேன். “அதுல தமிழ் வருமா?” என்றார். வரும் மாமா. “பாக்கலாம்” என்றார். அவர் அகராதியில் அதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள்.

சென்னை வந்து இறங்கிய மறுநாள் போன்.

“மாப்ள, அப்டேட்டெல்லாம் நல்லாத்தான் ஆயிருக்கு. ஆனா உங்க கல்யாணத்தத்தான் காணோம்.”